ஒப்புதல் படிவம் தமிழிலும் வேண்டும்: எத்திக்ஸ் கமிட்டி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளிலும், அதை ஆராயும் நிறுவனங்களிலும், நோயாளிகளை வைத்து நடக்கும் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிகளில் உறுப்பினர்களாக இருக்கும் அன்புக்குரியவர்களுக்கு,

வணக்கம்.

எனக்கு மலையாளத்தில் எழுத வரும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நீங்கள் எல்லோருமே சுலபமாகப் படித்திருப்பீர்கள். ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்களில் பலர் இதைத் தமிழ் தெரிந்த யாரிடமாவது கொடுத்துப் படித்துக்காட்டச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் எதை விட்டுவிடுகிறார், எதைச் சுருக்குகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நிலையில் சில நிமிடங்கள் இருந்துவிட்டு இந்த மடலுக்கு வந்தால், ஆராய்ச்சிக்குத் தங்கள் சதையைக் கொடுக்கும் தமிழ் நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கும் படிவம் தமிழிலும் வேண்டும் என்று நான் கேட்பது ஏன் என்று புரியும். உங்களைப் புண்படுத்த இப்படிச் செய்யவில்லை. உங்களைப் போன்றவர்களோடு ஒரே மேசையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் நான்.

தேவிகுளம் தாலுகாவில் ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். தாத்தா திருநெல்வேலிப் பக்கம் இருந்து கங்காணியோடு மலையேறி வந்தவர். அம்மாவும் பெரியம்மாவும் தேயிலைக் கொழுந்து எடுத்தார்கள். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. லயத்துக்குள் பேச்சு மட்டும் மாறவில்லை. எஸ்டேட் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து, அப்புறம் போடிமெட்டு இறங்கி மதுரையில் கல்லூரி முடித்து, 1988-ல் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். வாய்ப் புற்றுநோயின் மூலக்கூறு உயிரியல்தான் என் துறை. அதையே ஓய்வு பெறும்வரை பார்த்தேன்.

நான் சேர்ந்த காலத்தில் எல்லோரும் மரபணுவில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். டிஎன்ஏ என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட எழுத்துத் தொடர்; மனிதருக்கு 300 கோடி எழுத்து. அதில் எங்கோ ஒரு எழுத்து மாறிப்போவதால் செல் கட்டுப்பாடு இழக்கிறது, புற்றாகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அது தப்பில்லை, ஆனால் முழுக்கதையும் அது இல்லை. எங்களிடம் வந்த சதைத் துண்டுகளில் சிலவற்றில் பி16 என்ற மரபணு ஒரு பிழையும் இல்லாமல் அப்படியே இருக்கும். செல் அளவுக்கு மீறிப் பிரியாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. மரபணு இருக்கிறது, ஆனால் அது செய்ய வேண்டிய புரதத்தைக் காணோம். எங்கள் கையில்தான் ஏதோ தவறு என்று நினைத்து நான் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன்.

1995-ல் அமெரிக்காவின் பால்டிமோர் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. பி16 மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டிக்கொண்டு அதை வாயடைக்கிறது என்று அதில் இருந்தது. எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ் படித்தவளுக்கு அது உடனே பிடிபட்டது. ‘பல’ என்று எழுதி ல-வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘பல்’ ஆகிவிடுகிறது. எழுத்து அதேதான், புள்ளி வந்ததும் அதற்குள் இருந்த உயிரோசை அடங்கிவிடுகிறது. மெத்தில் குழுவும் அப்படி ஒரு புள்ளிதான். டிஎன்ஏவில் சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஜி வருகிற இடங்கள் சுமார் 2.8 கோடி. பெரும்பாலும் அங்கேதான் இந்தப் புள்ளி விழும். தோல் செல்லும் ஈரல் செல்லும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு வேறுவேறாக வாழ்வதற்குப் பெரிய காரணம் இந்தப் புள்ளிகளும், டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏறும் அடையாளங்களும்தான். இதைத்தான் எபிஜெனெட்டிக்ஸ் என்கிறோம். அந்தப் பெயரை 1942-லேயே வாடிங்டன் என்பவர் வைத்துவிட்டார்.

புற்றில் என்ன ஆகிறது? இருக்க வேண்டிய புள்ளிகள் உதிர்ந்துபோகின்றன. இதை ஃபைன்பெர்க், வோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 1983-லேயே காட்டினார்கள். இருக்கக் கூடாத இடத்தில், அதாவது பி16 போன்ற காவல் மரபணுக்களின் வாசலில், புள்ளி விழுகிறது. கவாத்து வெட்டுகிற ஆள் வராமல் போன தேயிலைச்செடி மரமாக வளர்ந்துவிடும் அல்லவா, செல்லும் அப்படித்தான் கிளம்பிவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். படிப்பவர்தான் ஊகித்துப் படிக்க வேண்டும். டிஎன்ஏவை வழக்கமான முறையில் படித்தாலும் புள்ளி தெரியாது. 1992-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த பைசல்ஃபைட் முறைதான் அதைக் கண்ணில் காட்டியது. அந்த உப்புக் கரைசலில் டிஎன்ஏவை இருட்டில், சூட்டில், மணிக்கணக்காக வைத்தால் புள்ளி இல்லாத சி மட்டும் வேறு எழுத்தாக மாறிவிடும். புள்ளி உள்ளது மாறாமல் நிற்கும். எத்தனையோ இரவுகள் அந்தக் குழாய்களோடு விழித்திருக்கிறேன். ராத்திரி கரண்ட் போனால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் கதவை யாரும் திறந்துவிடக் கூடாது என்று அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதன் உள்ளே இருந்தவை அவ்வளவு அருமையானவை. எழுத்துப்பிழையைத் திருத்துவது கடினம், புள்ளியை அழிக்கலாம். அதுதான் எங்களை இந்தத் துறையில் கட்டிப்போட்ட விஷயம். பழைய மருந்தான அசாசைட்டிடின் கொஞ்சமாகக் கொடுத்தால் புள்ளிகளைக் கலைக்கிறது என்று தெரிந்து, 2004-ல் அமெரிக்காவில் ரத்தம் ஊறும் மஜ்ஜையின் ஒரு நோய்க்கு அதற்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஃப்ரீசரில் இருந்த ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு எண் இருக்கும். பக்கத்தில் ஒரு தாள்: பெண், 58 வயது, இடது கன்னம், வெற்றிலை புகையிலை, முப்பது வருடம். அந்தத் தாளில் கட்டியின் அளவுக்கு ஒரு கட்டம் உண்டு, புகையிலைக்கு ஒரு கட்டம் உண்டு. அவர் என்ன மொழி பேசுகிறவர் என்பதற்குக் கட்டம் கிடையாது. பல வருடங்கள் அது எனக்கு உறைக்கவே இல்லை. ஒப்புதல் படிவம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் டிக் போடுவேன், வேலையைத் தொடங்குவேன். லயத்தில் பிறந்த நானே அப்படித்தான் இருந்தேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009-ல் என் பெரியம்மாவுக்கு வாயில் வந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கும் பெண்களுக்கு வெற்றிலைதான் துணை. காலையில் கன்னத்தில் ஒதுக்கினால் மத்தியானம்வரை பசி தெரியாது. நான் சொல்லிச் சொல்லிப் புகையிலையை விட்டுவிட்டார், பாக்கை விடவில்லை. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் அறிவித்திருந்தது. எனக்கு அது தெரியும். நான் ஊருக்கு வந்த நாட்களில் அவருக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைப் படலமாக இருந்தது புண்ணாகி, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். எந்த மருத்துவமனை என்று இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே வைத்தியம் நன்றாகவே பார்த்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சியை வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்து நான்கு பக்கத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஏட்டி, நீ படிச்சவதானே. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு.”

சம்மதபத்ரம், அதாவது ஒப்புதல் படிவம். முழுக்க மலையாளம். கடைசிப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை. வாயில் இருந்து எடுக்கும் கட்டியில் ஒரு பகுதியை மரபணு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தவும், மிச்சத்தை எதிர்கால ஆராய்ச்சிகளுக்குச் சேமித்துவைக்கவும் சம்மதம் என்று இருந்தது. நான் ஒவ்வொரு குழாய்க்கும் இருக்கிறதா என்று பார்த்து டிக் போடுகிற அதே மாதிரிப் படிவம்தான்.

“கைநாட்டு வைக்கும்போது யாரும் படிச்சுக் காட்டலையா பெரியம்மா?”

“படிச்சாங்களே. ஒரு பையன் வேகமா வாசிச்சான். அற்புதம் அற்புதம்னு சொன்னான். சர்ச்சுல சொல்லுவாங்கல்லா, அந்த மாதிரி நமக்கும் ஒரு அற்புதம் நடக்கப்போகுதுன்னு நினைச்சு விரலை நீட்டிட்டேன்.”

அந்தப் பையன் வாசித்தது ‘அர்புதம்’. மலையாளத்தில் புற்றுநோய்க்கு எழுத்தில் வழங்கும் சொல் அது. உங்களுக்கும் எனக்கும் இரண்டும் வேறு வேறு சொல். காது மந்தமான, வலியில் இருக்கிற, வயதான தமிழ்ப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு வந்த கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

அதன் பிறகு அந்தப் படிவத்தை வரிவரியாக, பெரியம்மாவின் காதோடு படித்துப் பார்த்தேன். செல்லுக்குக் ‘கோசம்’ என்று இருந்தது. யூனியன் ஊர்வலத்தில் போடுகிற கோஷம்தான் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆராய்ச்சிக்கு ‘கவேஷணம்’; இந்தச் சொல் எங்கள் பேச்சுத் தமிழில் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், விருப்பப்பட்டால் மட்டும் சம்மதிக்கலாம், மறுத்தாலும் வைத்தியத்துக்குக் குறைவு வராது என்ற இடத்தில் ‘ஸ்வமேதயா’ என்று இருந்தது. படிவத்தின் உயிரே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. தானாக, தன் மனசுப்படி என்று அதற்கு அர்த்தம் என்று நான் சொன்னதும் பெரியம்மா கேட்டார்: “அப்ப வேண்டாம்னு சொல்லியிருக்கலாமா? வேண்டாம்னா மருந்து குடுக்க மாட்டாங்கன்னுல்லா நினைச்சேன்.”

வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இல்லட்டி, குடுத்துத்தான் இருப்பேன். நாலு பேருக்கு உதவுச்சுன்னா சரிதான். கேட்டுட்டு எடுத்திருக்கலாம்,” என்றார். இரண்டு வருடத்தில் இறந்துபோனார்.

நீங்கள் படித்த பயிற்சி வகுப்புகளில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கதை கட்டாயம் வந்திருக்கும். 1951-ல் அவருடைய கட்டியில் இருந்து எடுத்த செல்கள் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தன, நானும் வளர்த்திருக்கிறேன். அவரிடம் யாரும் கேட்கவில்லை. என் பெரியம்மாவிடம் கேட்டார்கள், அவருக்குப் புரியாத மொழியில். கோப்பில் இரண்டும் வேறு மாதிரித் தெரியும். லயத்தில் இருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

இது எபிஜெனெட்டிக்ஸ் ஆராய்ச்சியில் இன்னும் கூடுதலாக முக்கியம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புள்ளிகள் பிறந்தபோது இருந்தபடியே இருப்பதில்லை. வாழ்ந்த வாழ்க்கை அவற்றில் பதிகிறது. ஒருவர் பீடி சிகரெட் பிடித்தவரா என்பதை ரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவின் புள்ளிகளைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். 2013-ல் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் 353 இடங்களில் உள்ள புள்ளிகளை வைத்து ஒருவருடைய வயதையே கணக்கிட்டுக் காட்டினார். ஒரு சின்னச் சதைத் துண்டு, கொடுத்தவரைப் பற்றி அவரே நம்மிடம் சொல்லாததையும் சொல்லும். 1990-களில் எழுத்துப்பிழை தேடுவதற்காக வாங்கிவைத்த துண்டுகளைப் பத்து வருடம் கழித்து நாங்கள் புள்ளி பார்க்க எடுத்தோம். கொடுத்தபோது அப்படி ஒன்று பார்க்க முடியும் என்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது. எதிர்கால ஆராய்ச்சிக்கு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறோமே, அந்த வரிக்குள் இவ்வளவு அடங்கியிருக்கிறது. அதைத்தான் அவருடைய மொழியில், நிதானமாகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், பங்கெடுப்பவருக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்லப்பட வேண்டும் என்றும், எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. 1969-ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் அரசோடு தங்கள் மொழியில் எழுத இடம் கொடுத்திருக்கிறது. மனுப் போடத் தமிழ் போதும் என்றால், தன் உடம்பில் இருந்து ஒரு துண்டைக் கொடுக்கவும் தமிழ் போதுமானதாக இருக்க வேண்டும்.

இவர்களுக்குத்தான் மலையாளம் தெரியுமே என்று ஒரு கமிட்டிக் கூட்டத்திலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தெரியும். கடையில் சாமான் வாங்க, பஸ்ஸில் சண்டை போட, ஆபீசில் வாதாட எங்கள் பெண்களுக்கு மலையாளம் போதும். 2015-ல் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து தங்கள் போனஸைக் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். அந்த மலையாளம் வேறு, சம்மதபத்ரத்தின் மலையாளம் வேறு. சமஸ்கிருதம் நிறைந்த அந்தப் படிவம் பல மலையாளிகளுக்கே புரியாது என்பதும் உண்மை. அதையும் சேர்த்துச் சரிசெய்தால் நல்லதுதான்.

ஆனால் படிவத்தைத் தமிழாக்கச் சொன்னால், எங்கோ கொடுத்து வாங்கிய தமிழ் ஒன்று வருகிறது. “மூலக்கூறுசார் பகுப்பாய்விற்காகத் திசு மாதிரியை நல்குகிறேன்” என்று ஒரு படிவத்தில் பார்த்தேன். அதைப் பெரியம்மாவிடம் படித்திருந்தால் மலையாளமே பரவாயில்லை என்றிருப்பார். “உங்கள் வாயில் இருந்து வைத்தியத்துக்காக எடுக்கும் சதையில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா? இதனால் உங்களுக்கு இப்போது நோய் குணமாகாது. பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம். வேண்டாம் என்றாலும் உங்கள் வைத்தியம் அப்படியே நடக்கும்.” இவ்வளவுதான் வேண்டியது. இதை எழுதியவர் கேட்டுப்பார்க்க வேண்டியது மூணாறிலோ வண்டிப்பெரியாரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ பாறசாலையிலோ இருக்கிற, தமிழ் பேசும் நான்கு சாதாரண ஆட்களிடம். கமிட்டியில் துறை சாராத பொது உறுப்பினர் ஒருவர் இருக்கிறார் அல்லவா, எல்லைப்பகுதி நோயாளிகள் அதிகம் வரும் இடங்களில் அவர் தமிழ் பேசுகிறவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வாசித்துக் காட்டுகிறவர் வார்டில் அன்றைக்குக் கையில் அகப்பட்ட பையனாக இருக்கக் கூடாது. நோயாளி விவரத்தாளில் மொழிக்கு ஒரு கட்டம் போடுங்கள். இதற்குப் புதிய பணம் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன்; இதில்தான் நாம் எல்லோருமே மோசம். கொடுத்தவர்களுக்கு நாம் எதையும் திருப்பிச் சொல்வதில்லை. கட்டுரை வெளிவருகிறது, கடைசியில் நோயாளிகளுக்கு நன்றி என்று ஒரு வரி ஆங்கிலத்தில் போடுகிறோம். அந்த வரியை அவர்களில் ஒருவராவது பார்த்திருப்பார்களா? திருவனந்தபுரத்தில் 1996-ல் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய வாய்ப் பரிசோதனை ஆய்வை நினைத்துப்பாருங்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், மக்கள் வாயைத் திறந்து காட்ட, கண்ணால் பார்த்தார்கள். புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்து, உலகமே கேரளத்தைத் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறந்து காட்டியவர்களால் வந்த பெருமை அது. நான் அந்த ஆய்வில் இல்லை; ஆனால் அதைப் பற்றி லயத்தில் சொன்னபோது, அன்றைக்கே மூன்று பெண்கள் தங்கள் கன்னத்தை இழுத்துக் காட்டி, இது வெள்ளையா இருக்கே, ஒன்றும் இல்லையா என்று கேட்டார்கள். ஆராய்ச்சி என்ன கண்டது என்று ஒரு பக்கத்தில், அவரவர் மொழியில் எழுதி, சதை கொடுத்தவர்களுக்கு அனுப்பினால், எங்கள் ஃப்ரீசரில் கிடந்த அறிவு இப்படி வீட்டுக்கு வந்து வேலை செய்யும்.

ஓய்வுக்குப் பிறகு நான் ஒரு படிவத்தை மேலே சொன்ன மாதிரித் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். போன மாதம் எங்கள் லயத்தில் ஏழு பெண்களை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தேன். ‘மாதிரி’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். எதைப் போல என்று குழப்பமாக இருக்கிறதாம். ‘துண்டு’ என்று மாற்றினேன். ‘ரகசியமாக வைத்துக்கொள்வோம்’ என்பதையும் மாற்றச் சொன்னார்கள். ரகசியம் என்றால் ஏதோ தப்பான காரியம் போலத் தோன்றுகிறதாம். ‘உங்கள் பேரை வெளியே சொல்ல மாட்டோம்’ என்று வைத்தோம். இந்தப் படிவத்தை எந்தக் கமிட்டி கேட்டாலும் நேரில் கொண்டுவந்து தருகிறேன், எத்தனை தரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து திருத்துகிறேன்.

படித்து முடித்த பிறகு, ஓரத்தில் இருந்த ஒரு அக்கா கேட்டார்: “நான் செத்ததுக்கு அப்புறம் அந்தத் துண்டை என்ன செய்வாங்க?” எனக்குத் தெரிந்த எந்தப் படிவத்திலும் அதற்குப் பதில் இல்லை. என் படிவத்தில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, அதன் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். அங்கே என்ன எழுதலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர் (ஓய்வு),
தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம்